காணி கைமாறும்போது பணம் யாருடைய கையில் இருக்க வேண்டும்?

ஊரில் விட்டுவந்த வளவை விற்க நினைக்கும் குடும்பங்கள் எம்மிடம் வந்தால் முதலில் விலையைப் பற்றியே கதைப்பார்கள். பரப்பு என்ன விலைக்குப் போகிறது, புரோக்கர் சொல்வது சரியா, இன்னும் கொஞ்சக்காலம் பொறுத்தால் கூடுமா என்று கேட்பார்கள். சிறு துண்டுக் காணி வாங்கி ஓரிடத்தில் நிலையாகக் குடியிருக்க விரும்புகிறவர்களும் அப்படியே. விலை முக்கியந்தான். ஆனால் காணி விடயத்தில் நட்டப்பட்டு வருகிறவர்களின் கதையைக் கேட்டால், பணமும் உறுதியும் கைமாறிய விதத்தில்தான் பெரும்பாலும் பிழை நடந்திருக்கிறது.

இரண்டு விதமான துன்பங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது விற்பவருடையது. "மிச்சக் காசு அடுத்த கிழமை வரும், இப்போது கையெழுத்தை வையுங்கோ" என்ற சொல்லை நம்பி உறுதியில் ஒப்பமிட்டு விடுகிறார். அடுத்த கிழமை வருவதில்லை. இரண்டாவது வாங்குபவருடையது. வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணத்தை அச்சவாரமாகக் கொடுத்து, ஒரு கடதாசித் துண்டில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார். ஆறு மாதத்தின் பின் அதே காணி வேறொருவர் பெயரில் பதியப்பட்டிருப்பது தெரிய வருகிறது. இந்த இரண்டு துன்பங்களையும் தவிர்ப்பதற்கு ஒரு பழைய ஒழுங்கு உண்டு. அதைப்பற்றியே இக்கட்டுரை.

நடுக்கை என்றால் என்ன?

மாடு விற்கும்போது ஒரு கையால் காசை வாங்கி மறு கையால் கயிற்றைக் கொடுக்கிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒருவரை ஒருவர் நம்பவேண்டிய அவசியம் அதிகம் இல்லை. காணியை அப்படிக் கைமாற்ற முடியாது. உறுதியைப் பார்க்க வேண்டும், பதிவகத்தில் தேட வேண்டும், அளவை செய்ய வேண்டும், நொத்தாரிசு முன்னிலையில் கையெழுத்திட வேண்டும், பின்பு பதிய வேண்டும். இதற்கு வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்லும். அந்த இடைக்காலத்தில் யார் முதலில் கையை விடுவது? வாங்குபவர் முதலில் பணத்தைக் கொடுத்தால் அவருக்கு ஆபத்து. விற்பவர் முதலில் கையெழுத்து வைத்தால் அவருக்கு ஆபத்து.

இரு பகுதியாரும் நம்பும் மூன்றாம் ஆள் ஒருவரிடம் பணத்தை ஒப்படைத்து, எந்தெந்தக் காரியங்கள் முடிந்தபின் அதை விற்பவருக்குக் கொடுக்கலாம், அவை நடக்காவிட்டால் எப்போது வாங்குபவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் வைப்பதே இதற்கு வழி. ஆங்கிலத்தில் இதற்கு 'எஸ்க்ரோ' என்று பெயர். பழைய பிரெஞ்சு மொழியில் தோற்சுருள் அல்லது எழுத்துத் துண்டு என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது வந்தது. இங்கிலாந்தில் ஆதியில் மூன்றாம் ஆளிடம் வைக்கப்பட்டது பணம் அல்ல, ஒப்பமிட்ட உறுதியே. நிபந்தனை நிறைவேறும்வரை அந்த உறுதிக்குப் பலன் இல்லை. நாம் இங்கே அதை 'நடுக்கை' என்று அழைப்போம்.

நடுக்கையில் இருப்பவர் விற்பவருடைய ஆளும் அல்ல, வாங்குபவருடைய ஆளும் அல்ல. எழுதிக் கொடுத்த நிபந்தனைக்கு மட்டுமே அவர் கட்டுப்பட்டவர். ஒரு பகுதியார் தனியே வந்து கேட்டால் அவர் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

பிற நாடுகளில் நடப்பது

அமெரிக்காவின் கலிபோர்னியா போன்ற மேற்கு மாநிலங்களில் இதற்கென்றே உரிமம் பெற்ற நிறுவனங்கள் உள்ளன. வீடு வாங்குபவர் முன்பணத்தை அங்கே கட்டுவார். உரித்துத் தேடல் முடிந்து, வங்கிக் கடன் பணம் வந்து, உறுதி பதிவானதும், நிறுவனம் பழைய ஈட்டுக் கடனையும் வரி நிலுவையையும் தீர்த்து மீதியை விற்பவருக்குக் கொடுக்கும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் முன்பணம் பெரும்பாலும் வீடு விற்கும் முகவர் நிறுவனத்தின் நம்பிக்கைக் கணக்கில் இருக்கும். முடிவு நாளில் மிகுதிப் பணம் சட்டத்தரணிகளின் நம்பிக்கைக் கணக்குகள் ஊடாகவே கைமாறும்.

எமது பிள்ளைகள் பலர் அந்த நாடுகளில் வாழ்வதால், இங்கேயும் அப்படியே நடக்கும் என்று எண்ணிப் பணத்தை அனுப்பி விடுகிறார்கள். இலங்கையில் சில வங்கிகள் பெரிய வியாபாரங்களுக்கு இத்தகைய கணக்குகளை நடத்துகின்றன. ஆனால் கிராமத்தில் ஐந்து பரப்புக் காணி விற்கும்போது அந்தப் பாதுகாப்பு தானாக வருவதில்லை. நாமே கேட்டு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

எமது சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை

ஒன்று. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளும் கூடவே இருக்கக் கையெழுத்திடப்பட வேண்டும். விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இதே விதிதான். ஆகவே கொப்பித் தாளில் எழுதிய அச்சவாரத் துண்டு காணியைக் கட்டாது. அதை வைத்துக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாமே தவிர, காணியை எழுதித் தரும்படி வற்புறுத்த முடியாது.

இரண்டு. 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரே காணியை ஒருவர் இரண்டு பேருக்கு விற்றால், பிந்தி விலைகொடுத்து வாங்கியவர் முந்திப் பதிந்துவிட்டால் அவருடைய உறுதியே மேலோங்கும். அதில் மோசடியோ கூட்டுச்சதியோ இருந்தால் வழக்காடலாம். வழக்கு எத்தனை ஆண்டு செல்லும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே கையெழுத்து வைத்த நாளோடு காரியம் முடியவில்லை; பதிவான நாளிலேயே முடிகிறது. நொத்தாரிசு தான் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்புவார். அது வேறு, மூல உறுதியைப் பதிவது வேறு. "நொத்தாரிசு அனுப்பிவிட்டார்தானே" என்று இருந்து விடாதீர்கள்.

மூன்று. உறுதியின் முடிவில் நொத்தாரிசின் சான்றுரை இருக்கும். விலைப்பணம் தமது முன்னிலையில் கொடுக்கப்பட்டதா, அல்லது முன்பே பெற்றதாக விற்பவர் ஏற்றுக்கொண்டாரா என்பது அதில் எழுதப்படும். பணம் பெறாமலே "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒப்பமிட்டால், பின்னர் அதை மறுப்பது மிகக் கடினம். விற்பவர் அந்தப் பகுதியை வாசிப்பித்துக் கேட்ட பின்பே கையெழுத்திட வேண்டும்.

நான்கு. ஒரு காணி தொடர்பாகப் பதிவகத்தில் எச்சரிக்கைப் பதிவு ஒன்றைச் செய்து வைக்கலாம். அதன்பின் அந்தக் காணி சம்பந்தமாக யாராவது ஆவணம் பதிய வந்தால், எச்சரிக்கை செய்தவருக்கு அறிவித்தல் அனுப்பப்படும். தூர இடத்தில் இருந்துகொண்டு ஊர்க் காணியை யாரும் கள்ள உறுதி முடித்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. விற்கும் எண்ணம் இல்லாதவர்களும் செய்யலாம்.

படிப்படியாக ஓர் உதாரணம்

ஒரு வீடும் ஐந்து பரப்பு வளவும் 30 இலட்சம் ரூபாவுக்குப் பேசி முடிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம்.

முதற்படி: உடன்படிக்கை. இரு பகுதியாரும் நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை எழுதுகிறார்கள். விலை, முன்பணம், காலக்கெடு, பணத்தைப் பிடித்து வைப்பவர் யார் என்பன அதில் இருக்கும். முன்பணம் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 இலட்சம் என்று வைப்போம். இது விற்பவரின் கைக்குப் போகாமல் நடுக்கைக்குப் போகிறது. உடன்படிக்கையைப் பதிந்து வைப்பது நல்லது.

இரண்டாம் படி: தேடல். காணிப் பதிவேட்டில் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, வேறு உடன்படிக்கை இருக்கிறதா என்பது அங்கே தெரியும். அடியுறுதிகளில் உள்ள எல்லைகளும் பரப்பளவும் நில அளவையாளரின் வரைபடத்தோடு ஒத்துப்போக வேண்டும். பிரதேச சபையில் வரி நிலுவை உண்டா என்றும் கேட்க வேண்டும். இதில் பெரிய குறை கண்டால் முன்பணம் வாங்குபவருக்குத் திரும்பும்.

மூன்றாம் படி: மிகுதிப் பணம். குறித்த நாளுக்கு முன் 27 இலட்சமும் நடுக்கைக்கு வந்துசேர வேண்டும். காசோலை திரும்பி வரலாம். வங்கி வழங்கும் கொடுப்பனவுக் கட்டளைகளிலும் போலிகள் உண்டு. எனவே நடுக்கையாளரின் கணக்கில் பணம் உண்மையில் சேர்ந்துவிட்டது என்று வங்கி உறுதிப்படுத்திய பின்பே அடுத்த படி. முத்திரை வரி வாங்குபவரின் பொறுப்பு. வழக்கமான வீதப்படி முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் ஆகும். 30 இலட்சத்துக்கு இது 119,000 ரூபா. இதையும் முன்கூட்டியே ஆயத்தப்படுத்த வேண்டும். நொத்தாரிசின் கட்டணம் வேறு.

நான்காம் படி: ஒப்பமிடல். பணம் நடுக்கையில் இருப்பதை விற்பவர் எழுத்தில் கண்டபின் உறுதியில் கையெழுத்திடுகிறார். பணம் நடுக்கையில் உள்ளது என்பதையே சான்றுரையும் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: பதிவும் விடுவிப்பும். உறுதி பதிவகத்தில் கையளிக்கப்பட்டு, இடையில் வேறு எதுவும் பதியப்படவில்லை என்று உறுதியானதும், நடுக்கையாளர் 30 இலட்சத்தையும் விற்பவரின் வங்கிக் கணக்கில் இடுகிறார். காணியில் பழைய ஈடு இருந்தால் முதலில் அதைத் தீர்த்து மீதியைக் கொடுக்கிறார். வீட்டுத் திறப்பும் அடியுறுதிகளும் வாங்குபவருக்குப் போகின்றன.

யார் நடுக்கையாக இருக்கலாம்?

இரு பகுதியாரும் ஏற்கும் சட்டத்தரணி ஒருவர் இருக்கலாம். வங்கி முன்வந்தால் மிக நல்லது. ஆனால் எமது ஊர்களில் உறுதி எழுதும் நொத்தாரிசை வாங்குபவரே தெரிந்து, அவரே சம்பளமும் கொடுப்பது வழக்கம். அப்படியானால் விற்பவர் தமக்கென்று வேறொரு சட்டத்தரணியிடம் ஒரு தடவையாவது ஆலோசனை கேட்க வேண்டும். வசதி இல்லாதவர்களுக்கு, 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைகள் வடக்கிலும் கிழக்கிலும் உள்ளன.

புரோக்கர் நடுக்கையாக இருக்கக் கூடாது. வியாபாரம் முடிந்தால்தான் அவருக்குத் தரகு; எனவே அவர் அவசரப்படுவார். ஒரு பகுதியாரின் மைத்துனரோ மருமகனோ வேண்டாம்.

"ஃபாதர், உங்களிடமே தந்து வைக்கிறோம்" என்று எம்மிடமும் கொண்டு வருகிறார்கள். நாம் மறுத்து விடுகிறோம். சிலருக்கு அதில் மனவருத்தம். காரணத்தைச் சொல்லி விடுகிறேன். குரு ஒருவர் நாளை இடம் மாற்றப்படலாம், நோயில் விழலாம். அவரிடம் இருக்கும் பணத்துக்கு நிபந்தனை எழுதப்பட்டிருக்காது, தனிக் கணக்கும் இருக்காது. பிணக்கு வந்தால், ஒரே ஊரில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே அவர் ஒரு பகுதியாரின் ஆளாகி விடுவார். நம்பிக்கை நல்லதுதான். பணத்துக்கு நம்பிக்கையோடு எழுத்தும் வேண்டும்.

எழுதிக்கொள்ள வேண்டிய கடிதம்

நடுக்கையாளருக்குக் கொடுக்கும் கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி அமையலாம்:

"கீழே ஒப்பமிடும் நாம் இருவரும், ........ என்னும் காணியின் விலைப்பணமாகிய ........ ரூபாவை உங்களிடம் ஒப்படைக்கிறோம். விற்பனை உறுதி ஒப்பமிடப்பட்டுப் பதிவுக்குக் கையளிக்கப்பட்டதும் இப்பணத்தை விற்பவரின் ........ இலக்க வங்கிக் கணக்கில் இடவும். ........ ஆம் திகதிக்குள் அது நடைபெறாவிட்டால் வாங்குபவரின் ........ இலக்கக் கணக்கில் திருப்பி இடவும். எம் இருவரதும் எழுத்துச் சம்மதம் அல்லது நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வேறு எவருக்கும் கொடுக்க வேண்டாம்."

இதன் கீழ் இரு பகுதியாரும் நடுக்கையாளரும் ஒப்பமிட்டு மூவரும் ஒவ்வொரு பிரதி வைத்திருக்க வேண்டும். பணத்துக்குப் பற்றுச்சீட்டு வேறாக வாங்க வேண்டும். விற்பவர் தாமாக விலகினால் முன்பணத்தோடு என்ன நட்டஈடு, வாங்குபவர் விலகினால் முன்பணத்தில் எவ்வளவு இழப்பார் என்பதை உடன்படிக்கையிலே தீர்த்துக்கொள்ளுங்கள்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் விசேடமாகக் கவனிக்க வேண்டியவை

கணவரின் சம்மதம்: தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தமது அசையாச் சொத்தை விற்பதற்கு, 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். சீதனக் காணிக்கும் இதே விதி. கணவர் காணாமற்போன சகோதரிகள் எமது மத்தியில் பலர். "அவர் இல்லாமல் விற்க ஏலாது" என்று சொல்லி அரை விலைக்குக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். கணவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால், அல்லது அவர் கைவிட்டுச் சென்றிருந்தால், நீதிமன்றத்தில் மனுச் செய்து அந்தச் சம்மதம் இல்லாமலே விற்பதற்கு அனுமதி பெறலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்தக் கட்டளை கிடைக்கும்வரை நடுக்கையில் உள்ள பணத்தை யாரும் தொடக் கூடாது.

முன்னுரிமை: தேசவழமைக் காணியை வெளியாருக்கு விற்குமுன், கூட்டுரிமையாளருக்கும் விற்பவரின் வழியுரிமையாளருக்கும் வாங்கும் முன்னுரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் இதை ஒழுங்கு செய்கிறது. அவர்களில் சிலர் முகாமிலும் சிலர் வெளிநாட்டிலும் இருக்கலாம். முறைப்படி அறிவிக்காமல் விட்டால் வாங்குபவர் பின்னர் வழக்கைச் சந்திக்க நேரும்.

அனுமதிப்பத்திரக் காணி: வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த காணிகள் பல, 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிற்றிலோ அளிப்பிலோ கொடுக்கப்பட்டவை. பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் இவற்றைக் கைமாற்றினால் அது செல்லாது. இத்தகைய காணிக்கு முதலில் பிரதேச செயலகம், பின்பே பணப்பேச்சு.

அற்றோனித் தத்துவம்: வெளிநாட்டில் உள்ள உரிமையாளருக்காக இன்னொருவர் ஒப்பமிட வந்தால், தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை இரத்துச் செய்யவில்லையா என்று நேரடியாகப் பேசி அறிய வேண்டும். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் இறந்துவிடும்.

கடனுக்கு அறுதி: ஐந்து இலட்சம் கடன் கேட்டால், ஈட்டுறுதிக்குப் பதிலாக "சும்மா ஒரு அறுதி எழுதித் தாருங்கோ, காசு தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பார்கள். வாய்ச்சொல்லுக்குக் காணி விடயத்தில் பெறுமதி இல்லை. கடனுக்கு ஈடு எழுதுங்கள். அறுதி எழுத வேண்டாம்.

தொலைந்த உறுதி: ஓடி வந்த வழியில் உறுதிகளை இழந்தவர்கள் மனம் சோர வேண்டாம். பதிவகத்தில் உள்ள இரண்டாம் பிரதியிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். அது அழிந்திருந்தால், நொத்தாரிசிடம் உள்ள மூலப்பிரதியைத் தேடலாம். நொத்தாரிசு இறந்திருந்தால் அவருடைய கோவைகள் காணிப் பதிவகத்துக்குச் சேர வேண்டியவை, அங்கே கேளுங்கள்.

விற்பதற்கு முன்

இவ்வளவையும் எழுதியது எல்லாரும் காணியை விற்க வேண்டும் என்பதற்காக அல்ல. பிள்ளையின் கலியாணத்துக்கோ வைத்தியச் செலவுக்கோ அவசரமாகப் பணம் தேவைப்படும்போது விற்கத் தோன்றும். குத்தகைக்குக் கொடுத்தாலோ ஒரு பகுதியை மட்டும் ஈடு வைத்தாலோ தேவை தீருமா என்று முதலில் பாருங்கள். தோட்டக்காணியை விற்ற விவசாயி மீண்டும் அதே விலைக்கு வாங்குவது அரிது.

விற்கத்தான் வேண்டும் என்றால் குடும்பமாக இருந்து பேசி முடிவெடுங்கள். வெறுந்தாளில் கையெழுத்திடாதீர்கள். எழுதியதை உங்கள் மொழியில் வாசிப்பித்துக் கேளுங்கள். பணம் நடுக்கையில் சேர்ந்துவிட்டதா என்று வங்கியில் கேட்டறிந்த பின்பு பேனாவை எடுங்கள். வாங்குபவரும் பதிவான பின்பே பணம் கைமாறும் என்பதில் உறுதியாக நில்லுங்கள். நேர்மையாக நடக்க விரும்பும் எவரும் இந்த ஒழுங்கைக் கண்டு கோபிக்க மாட்டார். "என்னை நம்பவில்லையா?" என்று யாராவது கோபித்தால், அந்தப் பேரத்தை அன்றே நிறுத்திவிட்டு, உறுதியையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.